பங்குனி ஆமையும் ஏழாம் வகுப்பும்

தங்கச்சிமடத்தில் எங்கள் பள்ளி வாசலிலிருந்து வடக்கே நடந்தாலும் கடல். தெற்கே நடந்தாலும் கடல். சமூக அறிவியல் புத்தகத்தில் ஒன்றுக்குப் பாக் விரிகுடா என்றும் மற்றொன்றுக்கு மன்னார் வளைகுடா என்றும் பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு அவை வடகடல், தென்கடல். எந்தக் காற்றுக்கு எந்தக் கடல் அடங்கிக் கிடக்கும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கடல் ஆமையைப் பற்றிப் பாடம் நடத்த வந்த நான் பரமக்குடிப் பக்கத்துக்காரி. பணிமாறுதலில் இங்கு வரும்வரை எனக்குத் தெரிந்த ஆமை கண்மாய் ஆமை மட்டும்தான்.

முதல் ஆண்டில் அந்தப் பாடத்தை நான் நடத்திய விதம் தவறு. என்ன தவறு என்பதைச் சொன்னால்தான், பிறகு ஏன் வரிசையை மாற்றினேன் என்பது விளங்கும்.

அழிந்துவரும் உயிரினங்கள் பற்றிய பாடம். 'வீட்டில் பெரியவர்களிடம் கடல் ஆமையைப் பற்றிக் கேட்டு எழுதி வாருங்கள்' என்று ஏழாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். பெரும்பாலோர் புத்தகத்தில் இருந்ததையே திருப்பி எழுதி வந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். அவன் தாத்தா சிறுவயதில் ஆமை முட்டை சாப்பிட்டிருக்கிறார். தீவுக்கு வள்ளத்தில் போய் எடுத்து வருவார்களாம். எவ்வளவு நேரம் அவித்தாலும் வெள்ளைக்கரு கோழிமுட்டை மாதிரி கெட்டியாகாதாம். அருமையான பதில் என்று நினைத்து வகுப்பில் உரக்கப் படித்தேன். அதே பாடவேளையில் அடுத்த பத்தியாக, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், முதல் அட்டவணை, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று நடத்தினேன். பின் வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப உங்க தாத்தாவைப் போலீஸ் பிடிக்கும்டா" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அந்த மாணவன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "டீச்சர், அது எந்தக் காலத்துக் கதையோ. இப்ப எங்க வீட்டுல யாரும் அதத் தொடுறதில்ல. பள்ளிக்கூடத்துல எழுதி வாங்குனா அது எங்க போகும்னு பயமா இருக்கு" என்றார். நோட்டில் அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

சட்டம் வந்தது 1972இல். கடல் ஆமைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தது 1977இல். அவன் தாத்தா முட்டை எடுத்து வந்த காலத்தில் அது குற்றமே இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளையும் அன்று கரும்பலகையில் எழுதியிருந்தால் அவன் தலை குனிந்திருக்க மாட்டான். எழுதத் தோன்றாததற்குக் காரணம், பாடத்தைக் குற்றத்திலிருந்தே தொடங்கியிருந்தேன். ஆமையைக் கொல்பவர் யார் என்ற கேள்வியை மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் முதலில் கேட்டால், அவர்கள் தங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த வீட்டுக்குள்தான் எனக்குத் தேவையான பாடமே இருந்தது.

அடுத்த ஆண்டிலிருந்து சட்டத்தைக் கடைசியில் வைத்தேன்.

பெயரிலிருந்து

இப்போது முதல் பாடவேளை பெயர்களுக்கு. இந்தியக் கடல்களில் காணப்படும் கடல் ஆமை ஐந்து வகை. ஐந்துமே மன்னார் வளைகுடாவில் பதிவாகியுள்ளன. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. ஊருக்கு ஊர் பெயர் மாறும். பங்குனி ஆமையைச் சித்தாமை என்பாரும், ஏழுவரி ஆமையைத் தோணியாமை என்பாரும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் என்ன பெயர் என்று கேட்டு வரச் சொல்கிறேன். ஒரே வகுப்பில் ஓர் ஆமைக்கு மூன்று பெயர் வந்துவிடும். அறிவியல் பெயர் எதற்கு என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை.

எது எதைத் தின்னும் என்பது அடுத்த கேள்வி. பேராமை கடல்புல் மேய்வது. பாக் விரிகுடாவில் கடல்தாழை படர்ந்த இடங்களில் அதைப் பார்க்கலாம். அழுங்காமை பவளப்பாறை இடுக்குகளில் கடற்பஞ்சைத் தின்னும். பங்குனி ஆமைக்கு நண்டு, இறால், சொறி எல்லாம் ஆகும். ஏழுவரி ஆமைக்குச் சொறியே பிரதான உணவு. ஜெல்லி மீன் என்று புத்தகம் சொல்வதைத்தான் இங்கே சொறி என்கிறோம். வலை நிறையச் சொறி ஏறினால் என்ன பாடு என்று பிள்ளைகள் சொல்லட்டும். கை அரிப்பும், வலை கனத்துக் கிழிவதும், மீன் இல்லாமல் கரை திரும்புவதும் அவர்கள் வாயாலேயே வரும். சொறியைத் தின்னும் உயிரினம் எது என்று கேட்டால் உணவுச் சங்கிலி அதுவாகவே கரும்பலகைக்கு வந்துவிடும்.

அழுங்காமைக் கறி சில நேரம் நஞ்சாகி ஆளையே கொன்றுவிடும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். அது தின்னும் கடற்பஞ்சு முதலியவற்றிலிருந்து நஞ்சு உடம்பில் சேர்கிறது என்று கருதப்படுகிறது. 1964 புயலுக்கு முந்தைய காலத்தில் பேராமைகளை இந்தக் கரையிலிருந்து உயிரோடு யாழ்ப்பாணத்துக்கு ஏற்றி அனுப்பியதை நினைவு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். ஆனால் யார் வீட்டில் கேட்டது என்று இப்போது எழுத வேண்டாம் என்கிறேன். 'ஊரில் ஒரு பெரியவர் சொன்னது' என்று எழுதினால் போதும்.

பங்குனி ஆமை என்ற பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. நம் கரையில் அது மார்கழிக் கடைசி, தையில் முட்டையிடத் தொடங்கும். மாசியிலும் பங்குனியிலும் மிகுதி. முட்டை பொரிக்க ஏறத்தாழ 45 முதல் 60 நாள். மாசி நடுவில் இட்டால் குஞ்சு எப்போது வரும் என்று தமிழ் மாதக் கணக்கில் போடச் சொன்னால் ஆறாம் வகுப்புக்கே நல்ல பயிற்சி. பாடத்திட்டத்தில் இந்த அலகு எந்தப் பருவத்தில் வந்தாலும், நான் சனவரி, பிப்ரவரியில் ஒருமுறை திரும்ப எடுக்கிறேன். அப்போதுதான் ஆமை உண்மையில் கரையேறிக்கொண்டிருக்கும்.

ஒரு முழம்

இரண்டாவது பாடவேளை மைதானத்தில். எங்கள் தீவு முழுக்க மணல் என்பதால் இது எளிது. உள்ளூர்ப் பள்ளிகள் ஒரு வண்டி மணல் குவித்துச் செய்யலாம். பங்குனி ஆமை பின்துடுப்புகளால் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி பறிக்கும். ஒரு முழம் என்பது ஏறத்தாழ 45 செ.மீ. என்பதை இங்கேயே அளந்துகொள்ளலாம். குழியின் வாய் குறுகி, அடி அகன்று, குடம்போல் இருக்கும். பிள்ளைகள் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, பின்னால் பார்க்காமல், ஒரு கையை மட்டும் அகப்பைபோல் வளைத்துப் பறிக்க வேண்டும். இதுதான் விதி.

காய்ந்த மணலில் ஒருவராலும் குடத்தின் வடிவம் கொண்டுவர முடியாது. சரிந்துகொண்டே இருக்கும். மேல் மணலை ஒதுக்கிவிட்டு ஈர மணல் தட்டும் இடத்தில் தொடங்கியவர்களுக்கு மட்டும் குழி நின்றது. ஆமையும் முன்துடுப்பால் முதலில் மேல் மணலை வாரி ஒதுக்குவது ஏன் என்று நான் கேட்கும் முன்பே, "ஈரம் வேணும்ல டீச்சர்" என்று பதில் வந்தது. அலை ஏறும் இடத்தில் ஈரம் இருக்கிறதே, அங்கேயே இட்டால் என்ன என்று கேட்டேன். முட்டை மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும் என்று கொஞ்ச நேரம் பேசிக் கண்டுபிடித்தார்கள். முட்டை ஓட்டின் வழியாகக் காற்று போய்வரும் என்பது கோழிமுட்டைப் பாடத்தில் ஏற்கெனவே படித்ததுதான்.

ஒரு குழியில் நூறு முதல் நூற்றிருபது முட்டை வரை இடும். முட்டை மேசைப் பந்து அளவு. களிமண்ணை அந்த அளவில் உருட்டி நூறு உருண்டை செய்து குழிக்குள் அடுக்கச் சொன்னேன். முதல் குழுவின் குழி பாதியிலேயே நிறைந்துவிட்டது, மறுபடி பறித்தார்கள். மணலை மூடிய பிறகு ஆமை உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித் தட்டி இறுக்கும் என்று சொன்னதும் வகுப்பே மணலில் ஆடியது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தடமும் ஒரு பாடம்தான். பங்குனி ஆமை இடது, வலது என்று மாற்றி மாற்றித் துடுப்பு போட்டு நகரும். தடம் ஏறுக்குமாறாக இருக்கும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒன்றாகப் போட்டு உந்தும். தடம் இரு பக்கமும் ஒத்திருக்கும், அகலமும் அதிகம். சமச்சீர் பாடத்துக்குப் பட்டாம்பூச்சியையே எத்தனை நாள் காட்டுவது?

ஆமை முட்டையிடும்போது அழும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். பிள்ளைகளும் சொன்னார்கள். கடல் நீரோடும் உணவோடும் உள்ளே போகும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கரையில் அது வழிவது கண்ணில் படுகிறது. இதைச் சொன்ன பிறகும் ஒரு மாணவி, "இருந்தாலும் வலிக்கும்ல டீச்சர்" என்றாள். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

வெப்பமானியும் தகப்பன் ஆமையும்

இந்தப் பாடத்தில் நான் அதிக நேரம் கொடுப்பது இதற்குத்தான். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம். ஏறத்தாழ 29 முதல் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் குறைந்தால் ஆண்கள் மிகுதி. கூடினால் பெண்கள் மிகுதி. இதைச் சொல்லிவிட்டுப் போனால் தேர்வு விடையாகிவிடும். அளந்தால் பாடம்.

தேவையானவை: சிவப்புத் திரவ வெப்பமானி மூன்று (பாதரச வெப்பமானி வேண்டாம், உடைந்தால் ஆபத்து), ஒரு முழ நீளத்துக்கு மேலான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இரண்டு, நூல், மெழுகுவர்த்தி. ஒரு குழாயை வெயிலில், இன்னொன்றைப் பூவரச மர நிழலில், ஒரு முழ ஆழத்துக்குப் புதைத்து, நூலில் கட்டிய வெப்பமானியை உள்ளே இறக்கி, வாயைத் துணியால் அடைக்க வேண்டும். மூன்றாவது மேல் மணலில் கிடக்கும். முதல் நாள் எங்கள் அளவு எல்லாமே தவறு. மேலே இழுத்துப் படிப்பதற்குள் அளவு ஏறிவிடுகிறது. வெப்பமானியின் குமிழைச் சுற்றி மெழுகு பூசினால் மெதுவாக ஏறும் என்ற வழியை ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். பூசிய பிறகு சரியாக வந்தது. உள்ளே இறக்கி அரை மணி நேரமாவது விட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

காலை வழிபாட்டுக்கு முன், மதிய உணவு நேரத்தில், மாலை மணி அடிக்கும்போது என்று மூன்று வேளையும் ஒரு குழு படித்து எழுதும். மேல் மணலில் காலைக்கும் மதியத்துக்கும் பெரிய வேறுபாடு; மதியத்தில் கால் வைக்க முடியாது. ஒரு முழ ஆழத்தில் நாள் முழுக்க ஒரு டிகிரிகூட முழுசாக மாறவில்லை. கருவி பழுது என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். மூன்று வெப்பமானிகளையும் இடம் மாற்றிப் போட்டும் அப்படியே. ஆமை ஏன் ஒரு முழம் பறிக்கிறது என்பது அன்றுதான் எனக்கும் சரியாகப் புரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

நிழல் குழி எப்போதும் வெயில் குழியைவிடக் குறைவாகவே காட்டியது. தை மாத அளவையும் பங்குனி மாத அளவையும் வரைபடத் தாளில் போட்டபோது கோடு ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் தையில் இட்ட முட்டையில் ஆண்கள் அதிகம், பங்குனியில் இட்டதில் பெண்கள் அதிகம் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். ஒருத்தி எழுந்து, "வருஷா வருஷம் வெயில் கூடிக்கிட்டே போனா எல்லாமே பொம்பளைப் பிள்ளையாப் பொறந்திரும். அப்புறம் தகப்பன் ஆமை எங்கருந்து வரும்?" என்று கேட்டாள். உலகம் முழுக்க ஆமை ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பகுதியில் வெப்பம் மிகுந்த வடபகுதிக் கரைகளிலிருந்து வரும் இளம் பேராமைகள் ஏறத்தாழ எல்லாமே பெண்களாக இருப்பதை 2018இல் வெளியிட்டார்கள். அதை அவளுக்குச் சொன்னேன். பொரிப்பகங்களில் சூடு மிகும்போது மேலே பந்தல் போட்டு நிழல் கொடுப்பதையும் சொன்னேன்.

இதே நாட்களில் எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் ஓய்வறையில், "இதெல்லாம் அகநானூற்றிலேயே இருக்கு" என்றார். 160ஆம் பாடல், நெய்தல் திணை, குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. அடும்பங்கொடி படர்ந்த மணல் மேட்டில் நிறைசூல் ஆமை மறைவாக முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டை தந்தத்தில் செய்த வட்டுப்போல் இருக்கிறது, புலால் நாறுகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. ஒரு பாடவேளை இருவரும் சேர்ந்து எடுத்தோம். கொடி சரி, மணல் மேடு சரி, வட்டு வடிவம் சரி, நாற்றம் சரி என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சரி போட்டார்கள். ஆண் காவல் காப்பது மட்டும் தவறு. குஞ்சாக இறங்கிய ஆண் ஆமை பிறகு கரைக்கு வருவதே அரிது. பெண்ணும் முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். புலவர் முட்டையை நேரில் பார்த்திருக்கிறார், தகப்பனை மட்டும் மனத்தில் பார்த்திருக்கிறார் என்றார் தமிழாசிரியர். அடும்பும் இராவணன் மீசைப் புல்லும் எங்கள் கரையில் இன்றும் உண்டு. மணல் மேடு கரையாமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு சிறு செயல்பாடு. ஆயிரம் முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகும் என்பது பொதுவான மதிப்பீடு. மூன்றாம் வகுப்பில் ஆயிரம் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக, நூறு நூறாக எண்ணிக் குவிக்கச் சொல்லுங்கள். நாய் தோண்டியது, நண்டு பிடித்தது, காகம் தூக்கியது, மீன் விழுங்கியது என்று ஒவ்வொருவரும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். கழித்தல் கணக்கும் ஆகும். கடைசியில் ஒரு கொட்டை மட்டும் கிடக்கும்போது அதை எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அதற்குமேல் விளக்க வேண்டாம்.

தீவு யாருடையது?

காப்பிடம் என்ற சொல்லுக்கு வரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கி.மீ. பரப்பை 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. இவை தேர்வுக்கு வேண்டிய எண்கள். குருசடை, முயல் தீவு, மனோலி என்ற பெயர்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தீவுகளுக்கு இப்போது நினைத்தபடி போக முடியாது. பாசி எடுக்கப் போன பெண்கள் தடுக்கப்பட்ட கதை பல வீடுகளில் உண்டு. தலைமுறையாகப் போய்வந்த இடம் ஒருநாள் பூங்காவாகிவிட்டது என்ற வருத்தத்தை வகுப்பில் பேச விடாமல், 'காப்பிடம் நல்லது' என்று மட்டும் எழுதிப் போட்டால் பாடம் பொய்யாகிவிடும்.

நான் இரண்டு பக்கத்தையும் வைக்கிறேன். தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் அரண் போனதும் மணல் கரைந்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இன்று நீருக்கு அடியில். தீவே போனால் பாசிக்கும் போக முடியாது, ஆமைக்கும் கரை கிடையாது. இது ஒரு பக்கம். பாறையை வெட்டியது ஒருவர், தடுக்கப்பட்டது இன்னொருவர் என்பது மறுபக்கம். இரண்டு குழுவாகப் பிரித்துப் பேசச் சொல்கிறேன். தீர்ப்பு நான் சொல்வதில்லை.

இங்கிருந்து வலைக்கு வருவது எளிது. 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கிய செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி வைத்திருந்தேன். படத்தைப் பார்த்ததும் "இழுவை மடியில மாட்டி மூச்சு முட்டியிருக்கும்" என்றான் ஒருவன். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும் என்பதை அவனுக்கு நான் கற்றுத்தரவில்லை. மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் வைத்து, ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் அமைப்பைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. அந்த வழியாக மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்கள் சொல்லும் குறை. அது இல்லாததால் 2019 முதல் நம் நாட்டுக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. இறால் விலை இறங்கினால் எங்கள் ஊரில் எந்தக் கடையில் கடன் ஏறும் என்பதுவரை பிள்ளைகளுக்குத் தெரியும். ஆமைக்கும் அந்தக் கடன் நோட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

"ஆமை மாட்டினா வலைய அறுத்து விடணும்னு சொல்றீங்க. அறுத்த வலைக்கு யார் டீச்சர் காசு தருவா?" என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. மகாராஷ்டிர அரசு 2018 டிசம்பர் முதல், பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. அதைச் சொல்கிறேன். கேட்பவர் முகத்தில் அடுத்த கேள்வி இருக்கும். அதை விவாதத்துக்கு விட்டுவிடுகிறேன்.

சட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 1972, 1977 என்ற இரண்டு எண்களோடு வருகிறது.

சில எச்சரிக்கைகள். ஆமை, முட்டை, குஞ்சு எதையும் வனத்துறை அனுமதியின்றி மாணவர்களைத் தொட விடக் கூடாது. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு அதைப் புரட்டினால் உள்ளே இருக்கும் கரு இறந்துவிடும். ஆர்வத்தில் தோண்டிப் பார்ப்பதும் கொலைதான். தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்தில் வனத்துறை பொரிப்பகம் அமைக்கிறது. எழுத்துவழி அனுமதி பெற்றுப் பகலில் அழைத்துப் போனோம். வேலிக்குள் ஒவ்வொரு குழிக்கும் ஒரு அட்டை. எடுத்த தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதியிருக்கும். பொரிக்கும் நாளைப் பிள்ளைகள் அங்கேயே கணக்கிட்டார்கள். குஞ்சு விடும்போது அழைத்தால் போகலாம். அது விடியலிலோ அந்தியிலோ நடக்கும். கைபேசி விளக்கை அடிக்க விடாதீர்கள். குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் போகும். நம் விளக்கை நம்பிக் கரைப்பக்கம் திரும்பிவிடும்.

முதல் ஆண்டு நோட்டைக் கிழித்த மாணவன் இப்போது பத்தாம் வகுப்பு. சென்ற சனவரியில் அவன் தாத்தாவை வகுப்புக்கு அழைக்கலாமா என்று அவனிடமே கேட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். ஒரு வாரம் கழித்து, கூட வலை பின்னும் ஊசியையும் ஒரு பழைய வலைத் துண்டையும் எடுத்துக்கொண்டு அவரே வந்தார். நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் அமர்ந்தார். முட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவராகவே, "நாங்க தின்ன காலம் அது. அப்ப நெறய வரும்" என்று தொடங்கி, ஆமை மாட்டினால் துடுப்புக்குப் பின்னால் எந்த இடத்தில் அறுத்தால் குறைந்த கண்களோடு வலை தப்பும் என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் புத்தகப் பையை ஆமையாக வைத்துக் காட்டினார். பதற்றத்தில் அறுத்தால் நாற்பது, ஐம்பது கண் போகும். நிதானமாக அறுத்தால் ஆறு கண்ணோடு முடியும் என்றார். அந்த ஆறு கண்ணையும் பிள்ளைகள் முன்னாலேயே திரும்பப் பின்னினார். கடிகாரம் பார்த்தவன் எட்டு நிமிடம் என்றான். ஐம்பது கண்ணுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கரும்பலகையில் போடச் சொன்னேன்.